பாஸ்பரஸை அளந்த பெருமகன்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நம் உடம்பிலுள்ள உயிரணு ஒவ்வொன்றும் ஒரு சிறு வீடு போன்றது. அதைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. நரம்பும் இரத்தமும் கொண்டுவரும் செய்திகள் பெரும்பாலும் அந்தச் சவ்வின் வெளிப்புறத்தோடு நின்றுவிடுகின்றன. ஆயினும் வீட்டின் உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது. உள்ளே செய்தி சொன்னது யார்? இக்கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகளுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. அவ்விடையை நோக்கி நடந்தவர்களுக்கு அளவுகோல் ஒன்றைச் செய்து கொடுத்தவர், நம் சென்னையில் படித்த ஓர் ஏழை மாணவர். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய வாழ்க்கையையும், அவர் தந்த அளவுகோல் திறந்துவிட்ட விந்தையையும் இவ்வாண்டு நம் மலரில் காண்போம்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோதாவரிக் கரையோரப் பகுதியில், பீமாவரம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குழந்தைகள் பலர், வருவாயோ குறைவு. வறுமையின் வாட்டம் சிறுவனின் மனத்தை உறுத்தியது. பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டுக் காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று எண்ணினார். தாயார் விடவில்லை. வழியிலேயே தேடிப் பிடித்து அழைத்து வந்து, மீண்டும் பள்ளியில் சேர்த்தார்.

படிப்பு எளிதாக வந்துவிடவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறைதான் தேறினார். தந்தையார் மறைந்துவிட்ட நிலையில், தாயார் தம் நகைகளை விற்று மகனுடைய படிப்புச் செலவுக்குக் கொடுத்தார். அந்தத் தாய் விற்ற பொன்னின் மதிப்பை நாம் இக்கட்டுரையின் இறுதியில் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தபோது அவர் மனம் துறவறத்தை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியவர்களும் மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யுமாறு கூறினர். ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். மாமனார் படிப்புக்குத் துணை நின்றார்.

அது விடுதலை வேட்கை ததும்பிய காலம். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாகத் தேறியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை; அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

இதனிடையே நோயும் அவர் வீட்டுக்குள் நுழைந்தது. உண்ட உணவின் சத்து உடம்பில் சேராமல் கழிந்துபோகும் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அக்காலத்தில் பலரைக் கொண்டுபோயிற்று. சகோதரர்களை நோய்க்குப் பறிகொடுத்த சுப்பாராவையும் ஸ்ப்ரூ பற்றியது. டாக்டர் அசண்ட லட்சுமிபதி அளித்த ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார். பின்னர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார். உடன்பிறந்தோரைக் கொன்ற நோயின் காரணத்தை அறிய வேண்டும் என்னும் தவிப்பு மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

கடல் கடந்து

1920-களின் தொடக்கத்தில், மாமனாரும் தரும நிதி ஒன்றும் அளித்த உதவியைக் கொண்டு, அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். இளம் மனைவி இந்தியாவில் இருந்தார். சில ஆண்டுகளில் திரும்பலாம் என்று புறப்பட்டவர் திரும்பவே இல்லை. கணவனும் மனைவியும் பிறகு சந்திக்கவே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் பகலில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. மருத்துவச் சான்றிதழ் பெற்ற ஒருவர் இவ்வேலையைச் செய்தார் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். டிப்ளமோ பெற்ற பின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

நீல நிறத்தின் கணக்கு

பாஸ்பரஸ் நம் எலும்பில் இருக்கிறது, இரத்தத்தில் இருக்கிறது, தசையில் இருக்கிறது, உயிரணுச் சவ்விலும் இருக்கிறது. ஆனால் சில துளி இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாகக் கண்டறிய அந்நாளில் எளிய வழி இல்லை. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925-ஆம் ஆண்டு அதற்கு வழி கண்டார்கள்.

நம் குமாரபாளையத்துச் சாயப்பட்டறைகளில் நூலைத் தோய்த்து எடுப்பவர், அதை மாதிரி நூலோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். நிறம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட்டே முடிவு செய்வார். சுப்பாராவின் முறையும் ஏறத்தாழ அதுவே. பாஸ்பேட் உள்ள கரைசலில் அமிலத்தையும் மாலிப்டேட் என்னும் உப்பையும் சேர்த்து, பிறகு ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சிறிது விட்டால் அழகிய நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுதியானால் நீலம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு இதை ஒப்பிட்டால் பாஸ்பேட்டின் அளவு தெரிந்துவிடும். கொழுப்பில் கட்டுண்டிருக்கும் பாஸ்பரஸை அளக்க வேண்டுமானால், முதலில் அக்கொழுப்பை அமிலத்தில் சூடாக்கிச் சிதைத்து, பாஸ்பேட்டை விடுவித்துக்கொண்டு, பின் நிறம் பார்க்க வேண்டும்.

இந்த முறை உலகெங்கும் பரவியது. இன்றளவும் உயிர்வேதியியல் மாணவர்கள் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரிலேயே இதைக் கற்கிறார்கள்.

தசையின் சாற்றை இம்முறையில் சோதித்தபோது ஒரு புதிர் எழுந்தது. நீல நிறம் உடனே முழுமை பெறாமல், நேரம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே போனது. வேறொருவராக இருந்தால் சோதனையில் பிழை என்று கரைசலைக் கொட்டியிருப்பார். சுப்பாராவோ அந்தத் தாமதத்தை ஆராய்ந்தார். எளிதில் உடையும் ஏதோ ஒரு பொருள் சிறிது சிறிதாகத் தன் பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்பது புலனாயிற்று. அதுவே பாஸ்போகிரியேட்டின். 1927-இல் இது வெளியிடப்பட்டது. 1929-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்னும் பொருளைத் தசையிலிருந்து பிரித்தறிந்ததை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே இதைக் கண்டார். உயிருள்ள அனைத்தும் தம் வேலைக்குச் செலவழிக்கும் நாணயம் ஏ.டி.பி. என்பது பின்னர் விளங்கியது. 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி அளிக்கப்படவில்லை.

கொழுப்பு சொல்லும் செய்தி

இங்கே சுப்பாராவின் கதையைச் சற்று நிறுத்தி, அவருடைய அளவுகோல் எந்தக் கதவைத் திறக்க உதவியது என்று பார்ப்போம்.

நீல நிற முறை வெளியான அதே 1925-இல், ஹாலந்து நாட்டில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை எடுத்து நீரின்மேல் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல் இருமடங்கு இடத்தை அது நிரப்பியது. ஆகவே உயிரணுச் சவ்வு கொழுப்பினால் ஆன இரட்டைப் படலம் என்று முடிவு கட்டினார்கள். அக்கொழுப்பில் பெரும்பகுதி பாஸ்பேட் சேர்ந்த கொழுப்பு. அதன் தலையில் பாஸ்பேட் இருக்கிறது. தலை நீரை விரும்பும். வால்கள் எண்ணெய் போன்றவை. நீரைக் கண்டால் விலகும். எனவே வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்க, தலைகள் இருபுறமும் நீரைப் பார்க்க, இரு வரிசையாக நிற்கின்றன.

இச்சவ்வு வெறும் வேலி என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 1953-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மேபல் ஹோக்கின் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவர் லோவல் ஹோக்கினும் அவ்வெண்ணத்தை அசைத்தார்கள். புறாவின் கணையத்தை மெல்லிய துண்டுகளாக்கி, கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த நீரில் இட்டு, அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளைச் சேர்த்தார்கள். கணையம் செரிமான நொதிகளைச் சுரந்தது. ஆர்.என்.ஏ.யில் மாற்றம் இருக்குமோ என்று பார்த்தவர்களுக்கு, சவ்வின் கொழுப்பில் புதிய பாஸ்பரஸ் விரைந்து சேர்வது தெரிந்தது. செய்தி வந்தவுடன் வேலியே வேலை செய்கிறது! இதன் பொருள் அப்போது எவருக்கும் சரியாக விளங்கவில்லை. இத்தகைய ஆராய்ச்சியில், கொழுப்பில் மொத்தம் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்ற கணக்கு இல்லாமல் ஓர் அடியும் எடுத்து வைக்க இயலாது. கொழுப்பின் பாஸ்பரஸை அளக்க 1959-இல் பார்ட்லெட் என்பவர் வகுத்துத் தந்த முறை, ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையைத் திருத்தியமைத்ததே ஆகும்.

1975-இல் இங்கிலாந்தின் ராபர்ட் மிச்செல், இந்தக் கொழுப்பு மாற்றத்துக்கும் உயிரணுவினுள் கால்சியம் பெருகுவதற்கும் தொடர்பு உண்டு என்று எடுத்துரைத்தார். 1983-இல் பெரிட்ஜ், இர்வின், ஷ்ட்ரெப், ஷூல்ஸ் ஆகியோர் அத்தொடர்பை மெய்ப்பித்தார்கள். ஜப்பானில் நிஷிசூகா அதன் மற்றொரு கிளையைக் கண்டார்.

அவர்கள் கண்டதை நாம் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம். மாங்காயை நினைத்த மாத்திரத்தில் நாவில் நீர் ஊறுகிறதல்லவா? மூளையிலிருந்து கிளம்பிய செய்தி நரம்பின் வழியே உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. நரம்பின் நுனி அசிட்டைல்கோலினை வெளியிடுகிறது. அது சுரப்பியின் உயிரணுவுக்குள் நுழைவதில்லை. சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பியைத் தொடுகிறது. அதனால் சவ்வின் உட்புறத்தில் பாஸ்போலைப்பேஸ் சி என்னும் நொதி விழித்துக்கொள்கிறது. அந்நொதி, சவ்விலேயே மிகக் குறைந்த அளவில் உள்ள ஒருவகைக் கொழுப்பைத் தேடி வெட்டுகிறது. அக்கொழுப்பின் தலையில் இனாசிட்டால் என்னும் சர்க்கரை போன்ற வளையமும், அதன்மேல் பாஸ்பேட்டுகளும் உள்ளன.

வெட்டியவுடன் தலை வேறு, வால் வேறாகிறது. தலைப்பகுதிக்கு இனாசிட்டால் டிரைபாஸ்பேட் என்று பெயர். அது நீரில் கரையும். ஆகவே சவ்வை விட்டு உயிரணுவின் உள்ளே ஓடுகிறது. உள்ளே வலை போன்ற பைகளில் கால்சியம் சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்பைகளின் கதவுகளை இது திறக்கிறது. அமைதியான நேரத்தில் உயிரணுவினுள் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் சிறிதளவு கால்சியம் பாய்ந்தாலும் அது பெரிய அறிவிப்பாகிவிடுகிறது. சுரப்பி நீரை வெளியிடுகிறது; நாவில் நீர் ஊறுகிறது. வால்பகுதியாகிய டைஅசைல்கிளிசரால் கொழுப்பாதலால் சவ்விலேயே தங்குகிறது. அங்கிருந்தபடியே புரோட்டீன் கைனேஸ் சி என்னும் மற்றொரு நொதியை வேலைக்கு ஏவுகிறது.

நாம் உடுத்தியிருக்கும் சேலையிலிருந்தே ஓர் இழையைப் பிரித்து, அதையே செய்தியாக அனுப்பினால் எப்படியிருக்கும்? உயிரணு அதைத்தான் செய்கிறது. ஆனால் இழை பிரிந்துகொண்டே போனால் துணி என்னாவது? அதற்கும் ஏற்பாடு உண்டு. வேலை முடிந்ததும் நொதிகள் அந்தத் தூதுப்பொருளின் பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகின்றன. செய்தி அத்துடன் ஓய்கிறது. மிஞ்சும் இனாசிட்டால் மீண்டும் கொழுப்போடு சேர்ந்து சவ்வுக்குத் திரும்புகிறது. அதன் வளையத்தில் நான்காம் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் புதிதாகப் பாஸ்பேட் வைக்க வேண்டும். அந்த இரண்டையும் கொடுப்பது எது தெரியுமா? சுப்பாராவ் தசையில் கண்ட அதே ஏ.டி.பி.தான்!

மூன்றாம் இடத்திலும் பாஸ்பேட் வைக்கும் நொதி ஒன்று உண்டு என்பது 1980-களில் தெரியவந்தது. இன்சுலின் வந்து சவ்வைத் தொடும்போது இந்நொதி வேலை செய்கிறது; அதன் பயனாகத் தசையின் உயிரணுக்கள் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இச்செய்தி சரியாகச் செல்லாமற்போவது நீரிழிவில் ஒரு கூறு. இச்செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகலாம். பலவகைப் புற்றுநோய்களில் அந்நிலை காணப்படுகிறது. ஓரிடத்தில் ஒரு பாஸ்பேட் இருப்பதும் இல்லாததும் மனிதனின் நலத்தையே மாற்றுகிறது எனில், அதை அளக்கக் கற்றுத்தந்தவரின் அருமை நமக்கு விளங்கும்.

மருந்துகள் தந்த கை

சுப்பாராவ் இந்தக் கொழுப்புச் செய்திகளைப் பற்றி எதுவும் அறியமாட்டார். ஹோக்கின் தம்பதியர் தம் சோதனையை வெளியிடுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். அவருடைய இறுதி ஆண்டுகள் மருந்துகளுக்காகவே கழிந்தன.

1940-இல் அவர் நியூயார்க் மாநிலத்துப் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி பம்பாயில் ஆலைத்தொழில் செய்த கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு அதைத் தீர்ப்பதை 1931-இல் வெளியிட்டிருந்தார். அச்சாற்றில் மறைந்திருந்த சத்தே போலிக் அமிலம். சுப்பாராவின் குழுவினர் 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது மருந்தாயிற்று. சகோதரரை இழந்தவருடைய தவிப்பு வீண்போகவில்லை. இன்று அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மாணவியருக்கு வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையிலும் இந்தப் போலிக் அமிலம் சேர்ந்திருக்கிறது. அதை முகம் சுளிக்காமல் விழுங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமோ?

யானைக்கால் நோய்க்குத் தரப்படும் டைஎத்தில்கார்பமசின் மருந்து 1947-இல் இவருடைய கூடத்திலிருந்து வந்தது. இங்கே தயாரான அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டு டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிக விடுதலை கிடைத்ததை 1948-இல் வெளியிட்டார். டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்தாகிய ஆரியோமைசினும் அதே ஆண்டில் இக்கூடத்திலிருந்தே வெளிவந்தது. அதைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர்.

அதே 1948 ஆகஸ்டில், ஒருநாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் எழவில்லை. வயது ஐம்பத்து மூன்றுதான். தம் பெயரை முன்னால் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. கண்டுபிடிப்பின் பெருமையை உடன் உழைத்தவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். அவர் நினைவாக ஒரு பூஞ்சை இனத்துக்குச் சுப்பாரோமைசெஸ் என்று பெயரிட்டார்கள். நூற்றாண்டை ஒட்டி 1995-இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

இவ்வாழ்க்கையைப் படிக்கும்போது நம் நெஞ்சில் பெருமையோடு ஒரு பாரமும் சேர்கிறது. வெங்கம்மா அம்மையார் நகைகளைக் கொடுத்தார். சேஷகிரி அம்மையாரோ தம் வாழ்நாளின் துணையையே கொடுத்தார். அவர் திரும்பி வருவார் என்று காத்திருந்த ஆண்டுகளை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. பேரறிஞர்களின் வரலாற்றில் இத்தகைய பெண்களின் பெயர் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. நாமாவது அந்த வரியைத் தாண்டிச் சற்று நின்று வணங்குவோம்.

அந்நாளில் நகையை விற்று மகனைப் படிக்க வைத்த தாய்மார் உண்டு. மகளுக்காக விற்றவர் அரியர். இன்று காவிரிக்கரையில் இந்தக் குமாரபாளையத்தில், தறியோட்டியும் நூல் சுற்றியும் பெண்களைப் படிக்க வைக்கும் பெற்றோரை நாம் வீதிதோறும் காண்கிறோம். மேபல் ஹோக்கினும் லூசி வில்ஸும் ஆராய்ச்சிக்கூடத்தில் நின்றதைப் போல் நம் மாணவியரும் நிற்கலாம். அதற்காக வீட்டில் யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

இருமுறை தோற்ற மாணவர் மூன்றாம் முறை எழுதினார். எதிர்பார்த்தபடி நிறம் வராதபோது, கரைசலைக் கொட்டாமல் காத்திருந்து பார்த்தார். தேர்வு முடிவு வந்த நாளில் மனம் தளரும் மாணவியும், வேதியியல் கூடத்தில் சோதனைக்குழாயைக் கையில் பிடித்திருக்கும் மாணவியும் டாக்டர் சுப்பாராவை நினைத்துக்கொள்வார்களாக.